மதுரை – கொடைக்கானல் – மேகமலை: கரண்டு கார்ல ஒரு மலைச் சுத்து

வெள்ளி ராத்திரி, கொடைக்கானல்

காலாண்டு லீவு விட்டதுல இருந்து பையன் நச்சரிப்பு தாங்கல, சரி கெளம்பிருவோம்னு இன்னைக்கு விடிகாலைல கெளம்பியாச்சு. கார்ல நாலு பேரு, நானு, வீட்டம்மா, பையன், அப்பறம் மாமனார். மாமா கவர்மெண்ட் பஸ் டிரைவரா இருந்து ரிட்டயர் ஆனவரு, கொடைக்கானல் ரூட்டுல வருசக்கணக்கா ஸ்டியரிங் புடிச்சவரு, மலை ரோட்டப் பத்தி அவருகிட்ட வாய குடுத்து ஜெயிக்க முடியாது. கரண்டு கார்ல மலை ஏறப்போறோம்னதும் மொத கேள்வியே "நடு மலைல தீந்து போச்சுன்னா கேன்ல வாங்கியாந்து ஊத்த முடியுமா மாப்ள?" அப்டின்னாரு. முடியாது தான். அதுனால தான் இந்தப் பயணத்துல ஊர் சுத்திப் பாத்ததை விட கணக்குப் போட்டது ஜாஸ்தி, அதை எழுதி வச்சா பச்சை நம்பர் பிளேட்டு வாங்கிட்டு மலைப்பக்கம் போக யோசிக்கிற நாலு பேருக்கு உதவும்னு தான் தினமும் ராத்திரி உக்காந்து டைப் பண்ணப் போறேன்.

வண்டில 40 யூனிட் பேட்டரி. கம்பெனிக்காரங்க சொல்ற ரேஞ்சு 400-க்கு மேல, அத நம்பி யாரும் வண்டி ஓட்டாதீங்க, நம்ம மதுரை வெயில்ல ஏசி போட்டு பைபாஸ்ல 80-ல போனா 290, 300 வரும், அம்புட்டுத்தான். 100-ல போனா அதுவும் வராது, காத்து எதுக்குறது வேகத்தோட வர்க்கத்துக்கு ஏறும்.

ஆனா மலைல இந்த 290-ங்கிற நம்பருக்கே அர்த்தம் கெடையாது. மலைல கிலோமீட்டரப் பாக்கக்கூடாது, உயரத்தப் பாக்கணும். எங்க வண்டியும் நாலு பேரும் மூட்ட முடிச்சும் சேத்து 1,700 கிலோ வருதுன்னு வச்சுக்கங்க, அதை 1,000 மீட்டர் மேல தூக்குறதுக்கு பிளஸ் டூ பிசிக்ஸ் கணக்குப் படி 4.6 யூனிட்டு, மோட்டார்ல கண்ட்ரோலர்ல போற நஷ்டத்தையும் சேத்தா 5 யூனிட்டுக்கு கொஞ்சம் கூட. ரோட்டுல உருண்டு போறதுக்கு ஆகுற செலவு இதுக்கு மேல தனி. வத்தலக்குண்டு 300 மீட்டர் சொச்சத்துல இருக்கு, கொடைக்கானல் 2,100. அப்போ ஏத்தத்துக்கு மட்டும் 9, 65 கிலோமீட்டர் மெதுவா உருள்றதுக்கு ஒரு 6, மொத்தம் 15 யூனிட்டு, நம்ம பேட்டரில 38 பர்சன்ட். இது வீட்டுலயே போட்ட கணக்கு, பையன் ஒரு நோட்டுல எழுதிக்கிட்டான், ஊரு, உயரம், பர்சன்ட்டுனு மூணு காலம் போட்டு. உயரத்துக்கு செல்லுல ஒரு ஆப்பு.

வீட்டுல 100 பர்சன்ட் சார்ஜோட கெளம்பி சமயநல்லூர், வாடிப்பட்டி, கொடைரோடு, நிலக்கோட்டைன்னு போயி வத்தலக்குண்டுல டிபனுக்கு நிறுத்தும்போது 83. சுப்பிரமணிய சிவா பொறந்த ஊரு, இட்லியும் நல்லா இருந்துச்சு. சார்ஜர் ஆப்புல பக்கத்துல ஒண்ணு பச்சையா 'அவைலபிள்'னு காட்டுச்சு, போயி பாத்தா டிஸ்பிளே கருப்பா கெடக்கு, மேல ஒரு ஆளு துண்டு காயப்போட்டுருக்காரு. ஒரு வாரமா இப்டித்தான் சார்னு சொன்னாரு. இதுக்குத் தான் சொல்றது, ஆப்புல இருக்குற சார்ஜர நம்பி பிளான் போடாதீங்க, அது இல்லாமலே போய்ச் சேர முடியுமான்னு பாருங்க, இருந்தா லாபம்னு நெனச்சுக்கங்க. நமக்கு 83 இருக்கு, வேணும்ங்கறது 38, கெளம்பியாச்சு.

காட்ரோடு தாண்டி ஏத்தம் ஆரம்பிச்சதும் தான் கூத்து. டேஷ்போர்டுல மீதி ரேஞ்சுனு ஒரு நம்பர் வரும்ல, அது கடைசியா ஓடுன கொஞ்ச தூரத்துல எவ்வளவு கரண்டு இழுத்துச்சோ அத வச்சு கணக்குப் போடுற நம்பரு, முன்னாடி மலை இருக்கா பள்ளம் இருக்கான்னு அதுக்குத் தெரியாது. வத்தலக்குண்டுல 240-னு காட்டுனது டம் டம் பாறை வர்றதுக்குள்ள சடசடன்னு எறங்குது, ஊத்துங்கிற ஊர்ல டீ குடிக்க நிறுத்துனப்போ 140. மாமா மூஞ்சியே மாறிப்போச்சு. "மாப்ள, 30 கிலோமீட்டர் ஓடல, 100 போயிருச்சு, திரும்பிருவோமா?" அப்டின்னாரு, வீட்டம்மாவும் லேசா முழிச்சா. நான் பர்சன்ட்ட மட்டும் பாக்கச் சொன்னேன், அது 66, கணக்குப்படி சரியாத்தான் போய்க்கிட்டு இருக்கு. வீட்டம்மா என்ன செஞ்சா தெரியுமா, பையன் பையில இருந்து ஒரு ஸ்டிக்கர எடுத்து அந்த ரேஞ்சு நம்பர் மேல ஒட்டிட்டா. அதுக்கப்பறம் வண்டில நிம்மதி. உண்மையா சொல்றேன், இந்த ரேஞ்சு பயத்துல பாதி பயம் அந்த ஒரு நம்பரால வர்றது.

டம் டம் பாறைல நின்னு எலிவால் அருவியப் பாத்தோம், மழைக்கு நல்ல தண்ணி. 297 மீட்டர்னு போர்டு பாத்ததும் பையன் நோட்ட எடுத்து நம்ம கார அது உச்சிக்கு தூக்க ஒன்றரை யூனிட்டுனு சொன்னான். மாமாவுக்கு அது புடிச்சுப்போச்சு, அதுக்கப்பறம் எந்த மலையப் பாத்தாலும் "இதுக்கு எத்தன யூனிட்டுடா?"

வெள்ளி நீர்வீழ்ச்சிகிட்ட இ-பாஸ் செக்கிங் கியூ, 2024 மே மாசத்துல இருந்து கொடைக்கானலுக்கு இ-பாஸ் கட்டாயம், ஆன்லைன்ல எடுத்துட்டு வந்துருங்க. ஊர்ந்து ஊர்ந்து போகவேண்டியதாப் போச்சு, முன்னாடி நின்ன டீசல் வேன்ல கிளட்ச் கருகுற வாசம். நம்ம வண்டி நின்னா மோட்டார் நிக்குது, செலவே இல்ல, ஏத்தத்துல பின்னால உருளாம ஹில் ஹோல்டு புடிச்சுக்கிது. அம்புட்டு நேரம் நின்னதுக்கு 1 பர்சன்ட் கூட முழுசா போகல. டிராஃபிக் ஜாம்ல மாட்டுனா பேட்டரி காலியாயிரும்னு பயப்படுறவங்க நெறைய பேரு இருக்காங்க, நெசம் அதுக்கு தலைகீழு.

லாட்ஜுக்கு வந்து சேர்றப்போ 44. ஸ்டிக்கர தூக்கிப் பாத்தா ரேஞ்சு 75. அதாவது ஓடுனது 65, கொறஞ்சது 165. இத ஸ்டிக்கர் இல்லாம பாத்துக்கிட்டே வந்துருந்தா மாமா பெருமாள்மலைலயே எறங்கி பஸ் ஏறியிருப்பாரு.

இப்போ சார்ஜிங். லாட்ஜுல புக் பண்ணும்போதே 15 ஆம்பியர் பாயிண்ட் இருக்கான்னு கேட்டேன், இருக்கு சார்னாங்க. இருக்கு. ஆனா சொருகுனா நம்ம சார்ஜர் பொட்டில செவப்பு லைட்டு. எர்த் இல்ல. மூணு ஓட்டை இருக்கும், பெரிய ஓட்டைக்குப் பின்னால வயரே இருக்காது, பழைய கட்டடத்துல இது சகஜம், கீசருக்கு அது தெரியாது, ஆனா கார் சார்ஜர் மொதல்ல எர்த்த செக் பண்ணிட்டு தான் கரண்ட உள்ள விடும். பக்கத்துல நின்ன ஒருத்தரு "நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயர் போட்டு கோத்துவிட்டா பச்சை எரியும்ணே"ன்னு ஐடியா குடுத்தாரு. எரியும். ஆனா எங்கயாச்சும் நியூட்ரல் கட் ஆச்சுன்னா கார் பாடி பூரா கரண்டு வரும், மழைல நின்னுக்கிட்டு கதவத் தொடுற ஆளு கதை முடிஞ்சுரும். தயவுசெஞ்சு யாரும் செய்யாதீங்க. கடைசில லாட்ஜ் எலக்ட்ரீசியன் வந்து மோட்டார் ரூம்ல ஒழுங்கா எர்த் அடிச்ச பாயிண்ட்டக் காட்டுனாரு, அங்குட்டு வண்டிய ரிவர்ஸ்ல சொருகி மாட்டியாச்சு, பச்சை.

வோல்டேஜ் 190 தான் வருது, எல்லா ரூம்லயும் கீசர் ஓடுது போல. 230 வந்தா மணிக்கு 3 யூனிட் ஏறும், இப்போ இரண்டரைக்கும் கீழ. பரவால்ல, விடிய விடிய நேரம் இருக்கு. ஒரு மணி நேரம் கழிச்சு பிளக்கத் தொட்டுப் பாத்தேன், லேசான சூடு தான், கை வைக்க முடியாத சூடுன்னா உடனே கழட்டிறணும், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எல்லாம் கிட்டயே வரக்கூடாது. லிமிட்ட 80-ல வச்சுட்டேன். மாமா கேட்டாரு, காசு குடுத்து ரூம் போட்டுருக்கோம், ஏன் நெறப்பாம விடுறன்னு. அதுக்குப் பதில் ஞாயித்துக்கெழமை, மலை எறங்கும்போது சொல்றேன்னு சொல்லி வச்சிருக்கேன். இப்போ வெளிய தூத்தல், கார்ல பிளக் சொருகுன எடத்துக்கு மேல மாமா குடைய விரிச்சு வச்சுட்டு வந்துருக்காரு. கார் பக்கம் நனைஞ்சாலும் ஒண்ணும் ஆகாது, செவுத்து பிளக்கு தான் நனையக்கூடாதுன்னு சொன்னேன், கேக்கல.

சனி ராத்திரி, கொடைக்கானல்

காலைல பாத்தா 80-ல நின்னுருக்கு. ஏரிப் பக்கம் போகல, சனிக்கெழமை கூட்டம் அங்க போயி மாட்டுறதுக்கு வீட்டுலயே இருந்துருக்கலாம், நேரா பூம்பாறை, அப்பறம் மன்னவனூர்.

பூம்பாறைல குழந்தை வேலப்பர் கோயில், போகர் வச்ச சிலைன்னு சொல்றாங்க. அந்த ஊரு அடுக்கு அடுக்கா வெட்டுன வயலு, மேல இருந்து பாக்க ஒரு அழகு தான், அம்புட்டும் பூண்டு. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல புவிசார் குறியீடு குடுத்தாங்க. வீட்டம்மா ரெண்டு கிலோ வாங்குனா, வண்டி பூரா வாசம், இன்னும் போகல. புரட்டாசி சனின்னு மாமா பெருமாள் பேரச் சொல்லி மத்தியானம் சாம்பார் சாதத்தோட நிறுத்திக்கிட்டாரு, எங்களையும் நிறுத்த வச்சுட்டாரு.

ஓட்டுற கதைக்கு வர்றேன். மன்னவனூரும் கொடைக்கானலும் உயரத்துல பெருசா வித்தியாசம் இல்ல, ஆனா நடுவுல எறங்கி ஏறி எறங்கி ஏறி போகுது ரோடு. ஏறும்போது 5 குடுத்தா எறங்கும்போது 3, 3½ தான் திரும்ப வரும், அதுனால ரெண்டு முனைலயும் ஒரே உயரம்தானேன்னு சமவெளிக் கணக்குப் போட்டா தப்பா வரும். போக வர 70 கிலோமீட்டருக்கு 24 பர்சன்ட் போச்சு, சமவெளில இதே மெதுவான வேகத்துல இதே தூரத்துக்கு 16, 17-லயே முடிஞ்சுருக்கும். காலைல குளுருக்கு ஹீட்டர் போடுன்னு பின் சீட்டுல இருந்து சத்தம், ஹீட்டர் ஏசிய விட ஜாஸ்தி இழுக்கும், ஸ்வெட்டர போடுங்கன்னு சொல்லிட்டேன். கண்ணாடில ஆவி புடிச்சா மட்டும் ரெண்டு நிமிசம் போட்டு அணைக்கிறது.

திரும்ப வந்து 56-ல மாட்டியாச்சு, அதே மோட்டார் ரூம், இன்னைக்கும் 80 லிமிட்டு. மாமா இன்னைக்கும் குடை.

ஞாயிறு ராத்திரி, சின்னமனூர்

இன்னைக்குத் தான் விசயமே இருக்கு, கொஞ்சம் நீளமா போகும்.

ராத்திரி நடுவுல கரண்டு போயி வந்துருக்கு, காலைல 78-ல தான் இருந்துச்சு. மலை எறக்கத்துக்கு ஸ்டியரிங்க மாமாகிட்ட குடுத்தேன், லைசென்ஸ் இருக்கு, மலை அவருக்கு மனப்பாடம். பஸ் டிரைவர்கள் மத்தில ஒரு விதி இருக்கு, எந்த கியர்ல ஏறுனியோ அந்த கியர்லயே எறங்குன்னு. எஞ்சினே வண்டியப் புடிச்சுக்கும், பிரேக்க மிதிச்சுக்கிட்டே எறங்குனா லைனிங் சூடாகி ஒரு கட்டத்துல புடிக்கவே புடிக்காது. இங்க கியர் இல்லையே எப்டி எறங்குறதுன்னு கேட்டாரு. ரீஜென்ன மூணாவது லெவல்ல வச்சுக் குடுத்தேன். கால எடுத்தா வண்டி தன்னால இழுத்துப் புடிக்குது, வீல் சுத்துறது மோட்டார ஜெனரேட்டராக்கி கரண்ட பேட்டரிக்கு அனுப்புது. ரெண்டு வளைவு எறங்குனதும் "அட, செகண்ட் கியர்ல வர்ற மாதிரியே இருக்கே"ன்னு அவருக்குப் புரிஞ்சுபோச்சு, அதுக்கப்பறம் பிரேக்க பேருக்குத் தான் தொட்டாரு.

80-க்கு மேல ஏத்தாததுக்குக் காரணம் இதுதான். பேட்டரி நெறஞ்சு இருந்தா கீழ எறங்கும்போது வர்ற கரண்டுக்கு போக எடம் இல்ல, வண்டி ரீஜென்ன தானா கட் பண்ணிரும், அப்பறம் 50 கிலோமீட்டர் எறக்கத்தையும் பிரேக்லயே புடிக்கணும். மேல ஃபுல் சார்ஜ் போட்டுட்டு எறங்குறது காசும் வேஸ்ட்டு, ஆபத்தும் கூட. இத மாமாகிட்ட சொன்னதும் ஒத்த வார்த்தை பேசாம தலைய ஆட்டுனாரு, பிரேக் புடிக்காம போன பஸ்ஸ எல்லாம் பாத்தவரு.

பையன் நோட்டுல காட்ரோடுக்கு நேரா எழுதுனது 83. 78-ல கெளம்பி 50 சொச்சம் கிலோமீட்டர் ஓட்டி 83. 5 பர்சன்ட்டுன்னா 2 யூனிட்டு. ஸ்டிக்கர தூக்கிப் பாத்தோம், ரேஞ்சு 400-ஐ தாண்டி காட்டுது, வெள்ளிக்கெழமை எப்டி பயமுறுத்துச்சோ அதே மாதிரி இன்னைக்கு ஆசை காட்டுது, ரெண்டையும் நம்பாதீங்க. எறங்கும்போது பார்த்த ஒரு விசயம், கீழ இருந்து ஏறி வர்ற வண்டிக வரிசை, ஞாயித்துக்கெழமை பாருங்க, ரெண்டு எடத்துல பானெட்ட தூக்கி வச்சுக்கிட்டு தண்ணி ஊத்திக்கிட்டு நின்னாய்ங்க. மாமா அவிய்ங்களப் பாத்து ஜன்னல எறக்கி "என்னாப்பா சூடாயிருச்சா?"ன்னு கேட்டதுல ஒரு சந்தோசம் இருந்துச்சு, மறைக்கல அவரு.

தேவதானப்பட்டி, பெரியகுளம் வழியா தேனி. சமவெளி வந்ததும் வெக்கை, ஏசி, அப்டியே 71. நாளைக்கு மேகமலை, அங்க மேல சார்ஜர்னு ஒண்ணு கெடையவே கெடையாது, அதுனால தேனில சாப்பாட்டு நேரத்துல ஃபாஸ்ட் சார்ஜர்ல கொஞ்சம் ஏத்திக்கலாம்னு ஒரு ஹோட்டலுக்குப் போனோம். ரெண்டு சார்ஜர் துப்பாக்கி (கார்ல சொருகுற முனை) இருந்துச்சு, ஒண்ணுல ஒரு டாக்ஸிக்காரத் தம்பி மாட்டியிருக்காரு, இன்னொண்ணு முன்னாடி ஒரு பெட்ரோல் காரு நிக்குது. ஓனரத் தேடிப் புடிச்சா, "நிழலா இருந்துச்சு சார், அதான் போட்டேன்"ங்குறாரு. அவர் சொன்னதும் சரிதான், அங்க மட்டும் தான் ஷெட்டு. எடுத்துட்டாரு, சண்டை இல்ல.

டாக்ஸித் தம்பி 92-ல இருந்தாரு, 100 ஆகுற வரைக்கும் எடுக்க மாட்டேன்னு உக்காந்துருக்காரு, மூணாறு டிரிப்பாம், போடிமெட்டு ஏறணும். ஃபாஸ்ட் சார்ஜர்ல 80 வரைக்கும் தான் வேகம், அதுக்கப்பறம் பேட்டரிய காப்பாத்துறதுக்காக வண்டியே கரண்ட கொறச்சு கொறச்சு வாங்கும், கடைசி 10 பர்சன்ட்டுக்கு ஆகுற நேரத்துல ரெண்டு சாப்பாடு சாப்ட்டுறலாம். போடில இருந்து போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவு, ஏத்தம் 1,000 மீட்டர் சொச்சம், அப்போ 5 யூனிட்டு, ரோட்டுக்கு ஒரு 3 வச்சுக்க தம்பி, உன் வண்டில 20 பர்சன்ட் கூட ஆகாதுன்னு பையன் நோட்ட காட்டி சொன்னேன். யோசிச்சுப் பாத்துட்டு 94-ல கழட்டிட்டு கெளம்பிட்டாரு. நாங்க 85 வரைக்கும் போட்டோம், 130 ரூபாய் சொச்சம், வீட்டுக் கரண்ட விட எம்புட்டோ ஜாஸ்தி, ஆனா பெட்ரோலோட கம்பேர் பண்ணா பேச்சே இல்ல.

சின்னமனூர் வர்றப்போ 78. ரூமு சுமார், கொசு ஜாஸ்தி.

திங்கள் ராத்திரி, சின்னமனூர்

கணக்கு மொதல்ல. சின்னமனூர் 400-க்கு கொஞ்சம் கீழ, மேகமலைக்கு மேல இருக்குற ஹைவேவிஸ் ஊரு 1,500 மீட்டர் போல. 1,100 ஏத்தத்துக்கு 6 யூனிட்டு, 40 கிலோமீட்டருக்கு 4, ஆக 25 பர்சன்ட். இதுல ஒரு விதி வச்சோம், மேல சார்ஜரும் இல்ல சரியா சிக்னலும் இல்ல, அதுனால பாதி ஏத்தத்துல 60-க்குக் கீழ இருந்தா எந்தப் பேச்சும் இல்லாம வண்டியத் திருப்பிறணும். திரும்புற எடத்த கீழயே முடிவு பண்ணிட்டுப் போறது ரொம்ப முக்கியம், மேல போனதுக்கப்பறம் "இன்னும் கொஞ்ச தூரம் தானே"ன்னு தான் எல்லாருக்கும் தோணும்.

தென்பழனி செக்போஸ்ட்டுல பேரு நம்பர் எழுதிட்டு, சாயங்காலத்துக்குள்ள எறங்கிறணும்னு சொல்லி விட்டாங்க. இந்தப் பக்கம் 2021-ல இருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம். ஃபாரஸ்ட் கார்டு வண்டிய சுத்திப் பாத்துட்டு "சத்தமே இல்லாம வருதே சார், ஆனை பக்கத்துல போனா அதுக்கும் தெரியாதே"ன்னாரு. வளைவுல எல்லாம் ஹாரன் அடிச்சுட்டே போங்கன்னாரு. நல்ல யோசனை தான், அது வரைக்கும் எனக்குத் தோணல. 18 கொண்டை ஊசி, 9-வது வளைவுல 66, மேல போகலாம்னு பையன் பச்சைக் கொடி.

மேல ஏறுனதும் ஒலகமே வேற. தேயிலை, மேகம், திரும்புற பக்கம் எல்லாம் தண்ணி. ஹைவேவிஸ்ல 52. கணக்கு 53, ஒண்ணு தான் வித்தியாசம். அங்க ஒரு டீக்கடை, மழைக்கு எதமா ஒரு டீ, சூடான பருப்பு வடை, கடைக்காரரு எஸ்டேட்லயே பொறந்து வளந்தவரு. மாமா அவருகிட்ட எடுத்த எடுப்புல "ஏப்பா இங்க கார் சார்ஜ் போட எடம் இருக்கா?" கடைக்காரரு சிரிச்சுட்டு ஏரியக் காட்டுனாரு. "கரண்டு எல்லாம் அந்தா கெடக்குங்கய்யா, கீழ போனாத்தான் கெடைக்கும்."

அவர் சொன்னது வெளையாட்டு இல்ல. மேல இருக்குற இந்த ஏரி அணைகள்ல தேக்குற தண்ணி குழாய் வழியா மலைல எறங்கி கீழ சுருளியாறு மின் நிலையத்துல டர்பைன சுத்தி கரண்டாகுது. உயரத்துல நிக்குறதே ஒரு சேமிப்பு, எறங்கும்போது காசாகும். நம்ம கார் நேத்து கொடைக்கானல்ல இருந்து எறங்கும்போது செஞ்சதும் இதே வேலை தான், அளவு தான் சின்னது. மாமாவுக்கு நேத்து ஓட்டும்போது கையில புரிஞ்சது இன்னைக்கு அந்த ஏரியப் பாத்ததும் மனசுல புரிஞ்சுது போல, கொஞ்ச நேரம் தண்ணியவே பாத்துக்கிட்டு இருந்துட்டு "அப்போ 52 இல்ல மாப்ள, மலை உயரத்தையும் சேத்து எண்ணணும்"னாரு. நான் மூணு நாளா சொல்ல முயற்சி பண்ணத அவர் ஒரே வரில முடிச்சுட்டாரு.

மணலாறு பக்கம் கொஞ்ச தூரம் போனோம், ரோடு பல எடத்துல குண்டும் குழியும், மெதுவா போறதால கரண்டு செலவு கம்மி, ஆனா பேட்டரி வண்டிக்கு அடியில இருக்குல்ல, கல்லு தட்டிருமோன்னு அது ஒரு தனி டென்ஷன். வீட்டம்மா எறங்கி முன்னாடி நடந்து வழி காட்டுனா ஒரு எடத்துல. சிங்கவால் குரங்கு பாக்கணும்னு பையன் ஆசை, கெடைக்கல, இருவாச்சி ஒரே ஒண்ணு தலைக்கு மேல பறந்துச்சு, அந்த றெக்கை சத்தம் நமக்குக் கேட்டதே வண்டி சத்தம் போடாததால தான்.

திரும்பும்போது 46. மத்தியானம் ரெண்டரைக்கு எறங்க ஆரம்பிச்சு நாலு வளைவு தாண்டல, எதுத்தாப்ல வந்த பஸ் டிரைவரு லைட் அடிச்சு நிறுத்துனாரு. கீழ ரோட்டுலயே ஆனை, குட்டியோட. அம்புட்டுத்தான், ஓரமா நிறுத்தியாச்சு. மேகம் எறங்கி பத்தடி தெரியல. மழையும் புடிச்சுக்கிச்சு. இருட்டுறதுக்குள்ள செக்போஸ்ட் தாண்டணும்னு ஒரு பக்கம், பேட்டரி 46-னு இன்னொரு பக்கம், பஸ்ஸுல இருந்து ரெண்டு பேரு வந்து ஜன்னலத் தட்டி "சார், சார்ஜ் எறங்கிற போகுது, ஆஃப் பண்ணுங்க"ன்னு அவங்க ஒரு பக்கம். எறக்கத்துல நிக்குற வண்டிக்கு கீழ போக கரண்டே வேணாம்னு அவங்களுக்கு எப்டி சொல்றது. ஏசிய அணைச்சுட்டு பார்க்கிங் லைட்டு மட்டும் போட்டு, அப்டியே ரொம்ப நேரம். வைப்பர் அப்பப்போ ஒரு தட்டு. மாமா பஸ் டிரைவரோட பேச்சுல எறங்கிட்டாரு, ரெண்டு பேரும் ஒரே டிப்போக்காரங்களத் தெரிஞ்சு வச்சுருக்காங்க, யாரு யாரு ரிட்டயர் ஆனா, யாருக்கு பென்ஷன் பாக்கி வரணும்னு போகுது. கரண்டு வண்டில தவிச்சுப்போயி நிக்குறோம்னு கவலைப்பட வேண்டிய ஆளு அவருதான், அவருக்கு நெனப்பே இல்ல.

ஆனை போனதும் பஸ்ஸு வழி விட்டுச்சு, பொறுமையா எறங்கி தென்பழனில கையெழுத்து. வண்டி 47. நின்ன நேரத்துக்கு போனது, எறக்கத்துல வந்தது எல்லாம் கழிச்சு. சின்னமனூர் ரூமுக்கு வந்தப்போ 46. இங்க எர்த் ஒழுங்கா இருக்கு, மேனேஜர் கரண்டுக்கு 200 ரூபாய் கேட்டாரு, கேட்டது நியாயம் தான், குடுத்துட்டேன். சும்மா போட்டுக்கங்கன்னு சொல்ற எடத்துல கூட காசு குடுத்துருங்க, அடுத்து வர்ற ஆளுக்கு பாயிண்ட் கெடைக்கும்.

செவ்வாய், மதுரை

எழுத பெருசா ஒண்ணும் இல்ல. 72-ல கெளம்பினோம். தேனி, ஆண்டிபட்டி, கணவாய், உசிலம்பட்டி. வழில கரண்டு எடுக்குற காத்தாலை எல்லாம் சுத்து சுத்துன்னு சுத்திக்கிட்டு இருந்துச்சு, கணவாய்ல வர்ற காத்து மேற்க இருந்து அடிக்கிது, நாம கெழக்க போறோம், பின்னால இருந்து தள்ளுன மாதிரி. 31 ஆகும்னு நெனச்சது 29-ல முடிஞ்சுது. இதே காத்துல மதுரைல இருந்து தேனிக்கு போறவங்க கணக்குல ஒரு 2, 3 பர்சன்ட் கூட வச்சுக்கங்க. உசிலம்பட்டில ஸ்டிக்கர பிச்சு எடுத்தான் பையன், பசை அப்டியே ஒட்டிக்கிட்டு இருக்கு, போகல.

வீட்டுக்கு வந்து 43-ல நிறுத்தி, சரி சார்ஜ் போட்டுருவோம்னு கேபிள எடுத்துட்டுப் போனா, மீட்டர்ல லைட்டே எரியல. பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பாத்து "மாசாந்திர பராமரிப்பாம்ப்பா, காலைல 9 மணிக்கே நிறுத்திட்டாய்ங்க, சாயங்காலம் 5-க்குத் தான் வரும், பேப்பர்ல போட்டுருந்துச்சே, நீங்க பாக்கல?"ன்னு சொன்னாங்க. மாமா சிரிச்ச சிரிப்புல தெருவே திரும்பிப் பாத்துச்சு. நான் ஆரப்பாளையம் வரைக்கும் கொண்டு போயி விடுறேன், 43 இருக்குல்லன்னு சொன்னேன். "வேணாம் மாப்ள, எனக்கு பாஸ் இருக்கு"ன்னு பூண்டுப் பையத் தூக்கிக்கிட்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்துட்டாரு.